இடிபடாத அரண்மனை: அட்லாண்டா ஃபாக்ஸ் தியேட்டர் மீட்கப்பட்ட வரலாறு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவில், பீச்ட்ரீ வீதியும் போன்ஸ் டி லியோன் அவென்யூவும் சந்திக்கும் மூலையில் நிற்கிறது ஃபாக்ஸ் தியேட்டர். வெங்காய வடிவக் குவிமாடமும் மினார்களும் கொண்ட கட்டடம் அது. வெளிர் நிறச் செங்கற்கள் பட்டை பட்டையாக அடுக்கப்பட்ட அதன் சுவர்கள் பழைய கெய்ரோவின் மசூதிகளை நினைவூட்டும். உள்ளே 4,665 இருக்கைகள். 1974இல் இதை இடித்துவிட்டு அலுவலகக் கோபுரம் கட்ட ஒரு தொலைபேசி நிறுவனம் திட்டமிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1978இல், தியேட்டர் கடனில்லாத பொதுச் சொத்தாக இருந்தது. கோபுரமும் எழும்பியது, ஆனால் தியேட்டருக்குப் பின்னால், வேறொரு மனையில். அந்த நான்கு ஆண்டுகளில் நடந்தது, அமெரிக்காவில் பழைய கட்டடங்களைக் காக்க மக்கள் நடத்திய முயற்சிகளில் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஒன்று.

சங்கக் கட்டடமாகத் தொடங்கி சினிமா அரங்கமாக

இந்தக் கட்டடம் முதலில் சினிமாவுக்காகத் திட்டமிடப்பட்டதல்ல. ஃப்ரீமேசன் இயக்கத்தோடு தொடர்புடைய ஷ்ரைனர்கள் என்ற சகோதரச் சங்கம் 1870களில் நியூயார்க்கில் தோன்றியது. அரபு நாட்டு அடையாளங்களை வேடிக்கைக்காகவும் விழாக் கோலத்துக்காகவும் எடுத்துக்கொண்ட சங்கம் அது. உறுப்பினர்கள் குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி அணிவார்கள். குழந்தைகளுக்கான இலவச மருத்துவமனைகளை நடத்தியதாலும் அமெரிக்காவில் பெயர்பெற்றது. அட்லாண்டா கிளைக்கு யாரப் டெம்பிள் என்று பெயர். சுமார் 5,000 உறுப்பினர்களைக் கொண்டிருந்த அந்தக் கிளை, தனக்கென ஒரு தலைமையகத்தைக் கட்ட விரும்பியது.

மேரி, ஆல்ஜர், வினூர் என்ற மூவரின் பெயரைத் தாங்கிய கட்டடக்கலை நிறுவனம் வரைபடம் தந்தது. முதன்மை வடிவமைப்பாளர் ஒலிவியே வினூர். ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா அரண்மனையும் எகிப்தின் கர்நாக் கோயிலும் அவர்களுக்கு முன்மாதிரிகளாயின. 1922இல் துட்டன்காமன் கல்லறை கண்டெடுக்கப்பட்ட பிறகு அமெரிக்காவெங்கும் எகிப்திய அலங்காரத்தின் மீது மோகம் பரவியிருந்த காலம் அது. 1928 ஜூன் மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது.

கனவு பெரிதாக இருந்தது, கையிருப்பு போதவில்லை. கட்டி முடிக்கப் பணம் தேவைப்பட்ட சங்கம், ஹாலிவுட்டின் பெரும்புள்ளியான வில்லியம் ஃபாக்ஸை அணுகியது. ஹங்கேரியில் பிறந்து, நியூயார்க்கில் வளர்ந்து, ஃபாக்ஸ் ஃபிலிம் கார்ப்பரேஷனை நிறுவியவர் அவர். அமெரிக்காவின் பெரிய நகரங்களில் பிரம்மாண்டமான அரங்குகளைக் கட்டிக்கொண்டிருந்தார். பெரிய அரங்கத்தை 21 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ள அவர் இசைந்தார். சங்கத்தின் தலைமையகம் இப்படித்தான் சினிமா அரங்கமாகவும் ஆயிற்று. கட்டடத்தின் உரிமை பின்னாளில் மாஸ்க் இன்கார்ப்பரேட்டட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. ‘மாஸ்க்’ என்றால் மசூதி. எந்தக் காலத்திலும் தொழுகை நடக்காத ஒரு கட்டடத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

1929 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளில் அரங்கம் திறந்தது. நியூயார்க் பங்குச் சந்தை சரிந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பெருமந்தம் எல்லாத் தொழிலையும் உலுக்கியது. வில்லியம் ஃபாக்ஸ் தன் நிறுவனத்தின் பிடியையே இழந்தார். திறந்து 125 வாரங்களில், 1932இல், தியேட்டர் மூடப்பட்டது. கைமாறி மீண்டும் திறக்கப்பட்டபோது அதன் பொற்காலம் தொடங்கியது. 1940களில் அட்லாண்டாவின் முன்னணி சினிமா அரங்கம் இதுதான். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா குழு 1947 முதல் 1968 வரை ஆண்டுதோறும் இங்கே வந்து பாடியது.

கூரைக்குள் ஒரு வானம்

உள்ளே நுழைபவருக்கு இது திரையரங்கம் என்பது சட்டென்று புலப்படாது. அரேபிய நகரம் ஒன்றின் திறந்த முற்றம்போல அரங்கம் அமைக்கப்பட்டிருக்கிறது. சுற்றிலும் கோட்டை மதில், கோபுரங்கள், வளைவு மாடங்கள். மேலே அடர்நீல வானம். அந்த வானத்தில் 96 படிகக் கற்கள் நட்சத்திரங்களாகப் பதிக்கப்பட்டு, பின்னாலிருந்து சிறு விளக்குகளால் ஒளியூட்டப்படுகின்றன. அவற்றில் மூன்றிலொரு பங்கு மினுமினுக்கும். ஒளிவீழ்த்திக் கருவி ஒன்று மேகங்களை நகரவைக்கும். விளக்கு அமைப்பு விடியலையும் அந்தியையும் காட்டும். இவ்வகை அரங்குகள் 1920களில் அமெரிக்காவில் பரவலாகக் கட்டப்பட்டன. கட்டடக்கலையில் அவற்றுக்குச் ‘சூழல் அரங்குகள்’ என்ற பொருளில் தனிப் பெயரே உண்டு. ஜான் எபர்சன் என்ற கட்டடக்கலைஞர் 1923இல் ஹூஸ்டனில் கட்டிய மஜெஸ்டிக் தியேட்டர் இந்தப் பாணிக்கு வழி திறந்தது.

பால்கனிக்கு மேலே வரிபோட்ட பாலைவனக் கூடாரத் துணி விரிந்திருப்பதாகத் தோன்றும். அது துணியல்ல; இரும்புக் கம்பிகளில் தொங்கும் சாந்துப் பூச்சு. மேடையிலிருந்து வரும் ஒலியைப் பின்வரிசை வரை சிதறாமல் கொண்டுசேர்க்கவும் அது உதவுகிறது. அரங்கத்தைத் தவிர, எகிப்திய நடனக்கூடம், விருந்துக்கூடம் எனத் தனித்தனி மண்டபங்கள் உண்டு. நடனக்கூடத்தின் தூண்களிலும் உத்திரங்களிலும் இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் கோயிலைப் பின்பற்றிய அலங்காரம்.

அரங்கத்தின் பெருமைகளில் முதன்மையானது அதன் பைப் ஆர்கன். மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுனில் இருந்த மோலர் நிறுவனம் செய்து தந்த இதற்கு 3,622 குழல்கள். ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு விசைப்பலகைகள். ‘மைட்டி மோ’ என்பது செல்லப்பெயர். தியேட்டருக்கென்று செய்யப்பட்ட ஆர்கன்களில், நியூயார்க் ரேடியோ சிட்டி அரங்கத்தில் உள்ளதற்கு அடுத்த பெரியது இதுதான். மௌனப் படங்களுக்குப் பின்னணி இசை தருவதற்காக வளர்ந்த கருவி வகை இது. ஃபாக்ஸ் திறந்தபோது பேசும் படம் வந்துவிட்டது. ஆனாலும் இடைவேளைகளிலும் கூட்டுப்பாடலுக்கும் ஆர்கன் ஒலித்தது.

இன்னொரு வாசல்

இத்தனை அழகையும் எல்லோரும் ஒரே வாசல் வழியாக வந்து பார்க்கவில்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நிறப் பிரிவினை சட்டமாக இருந்த காலத்தில் கட்டப்பட்டது இந்தத் தியேட்டர். கறுப்பினத்தவருக்குத் தனி டிக்கெட் கவுண்டர், கட்டடத்தின் வெளிப்புறமாக ஏறும் தனிப் படிக்கட்டு, மேல் பால்கனியின் பின்பகுதியில் தனி இருக்கைகள். அந்தப் பகுதியை மற்ற இருக்கைகளிலிருந்து ஒரு தாழ்ந்த சுவர் பிரித்தது. அட்லாண்டாவின் திரையரங்குகளில் இந்தப் பிரிவினை 1962இல்தான் முடிவுக்கு வந்தது.

பின்னாளைய மீட்பு இயக்கத்தைப் புரிந்துகொள்ள இது தேவை. 1974 ஜனவரியில் மேனார்ட் ஜாக்சன் அட்லாண்டாவின் மேயராகப் பொறுப்பேற்றார். நகரத்தின் முதல் கறுப்பின மேயர் அவர். தன் மக்களைப் பின்படிக்கட்டு வழியாக ஏற்றிய கட்டடத்தை இடிக்க அனுமதி கொடுப்பதா என்ற கேள்வி அவருடைய நிர்வாகத்தின் மேசைக்கே வந்தது.

அரண்மனைகள் சரிந்த காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் சினிமா அரண்மனைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. காரணம் ஒன்றல்ல. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. கார் வைத்திருந்த நடுத்தர வர்க்கம் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வாகன நிறுத்துமிடத்தோடு கூடிய சிறிய அரங்குகள் முளைத்தன. ஸ்டுடியோக்களே தியேட்டர்களைச் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்ற வகையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. புதிய படங்கள் முதலில் நகர மையத்தின் பெரிய அரங்குக்குத்தான் வரும் என்ற உறுதி அதோடு குலைந்தது. 4,000 இருக்கைகளில் சில நூறு பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கத்துக்கு மின்கட்டணமும் வரியும் குறையவில்லை. மறுபுறம், நகர மையத்தில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் கட்டடத்தைவிட அது நின்ற மனைக்கே மதிப்பு அதிகம் என்றாகிவிட்டது.

அட்லாண்டாவுக்குப் பழையதை இடிப்பது புதிய பழக்கமல்ல. உள்நாட்டுப் போரில் 1864இல் எரிந்து, மீண்டும் எழுந்த நகரம் அது. சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவையே நகரத்தின் முத்திரை. புதிதாகக் கட்டுவதையே பெருமையாகக் கொண்ட அந்த ஊரில், டெர்மினல் ஸ்டேஷன் என்ற கம்பீரமான ரயில் நிலையம் 1972இல் தரைமட்டமானது. அதை வடிவமைத்தவர் தார்ன்டன் மேரி. ஃபாக்ஸ் தியேட்டரைக் கட்டிய நிறுவனத்தின் பெயரில் முதலில் வரும் அதே மேரி. ரயில் நிலையம் போனதை நகரவாசிகள் பலர் வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை.

1974: விலை பேசப்பட்டது

சதர்ன் பெல் தொலைபேசி நிறுவனம் தன் வட்டாரத் தலைமையகத்துக்கு இடம் தேடியது. நகரத்தின் புதிய சுரங்க ரயில் பாதை பீச்ட்ரீ வீதியை ஒட்டி வரவிருந்தது. ஃபாக்ஸ் நின்ற தெருப்பகுதி முழுவதையும் வாங்கிக் கோபுரம் கட்டுவது அதன் எண்ணம். உரிமையாளரான மாஸ்க் நிறுவனத்துக்கு நட்டம் தரும் அரங்கத்தைக் கழித்துக்கட்ட அது நல்ல வாய்ப்பு. சட்டப்படி இரு தரப்பும் தவறு எதுவும் செய்யவில்லை.

செய்தி வெளிவந்ததும் எதிர்ப்பு எழுந்தது. ‘ஃபாக்ஸைக் காப்போம்’ என்ற வாசகம் கார்களின் பின்புறத்தில் ஸ்டிக்கராகவும் டி-ஷர்ட்டிலும் ஏறியது. மாணவர்கள், ஆர்கன் இசை ஆர்வலர்கள், கட்டடக்கலைஞர்கள், வழக்கறிஞர்கள், சிறுவயதில் அங்கே படம் பார்த்த குடும்பங்கள் எனப் பலதரப்பட்டோர் சேர்ந்தார்கள். பியானோ கலைஞர் லிபராச்சி போன்ற புகழ்பெற்றவர்களும் குரல் கொடுத்தார்கள்.

1974 மே மாதம் ஃபாக்ஸ் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையம் 1963இல் இடிக்கப்படத் தொடங்கியபோது எழுந்த அதிர்ச்சி, அமெரிக்காவில் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்ற குரலுக்கு வலுவூட்டியது. 1966இல் வந்த அந்தச் சட்டத்தின்படி உருவானதே இந்தப் பதிவேடு. ஆனால் இதைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் உண்டு. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் கட்டடத்தை யாரும் தொட முடியாது என்பது சரியல்ல. மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்படும் திட்டங்களைத்தான் அது கட்டுப்படுத்தும். தனியார் தம் பணத்தில் தம் சொத்தை இடிப்பதை அது தடுக்காது. பதிவேடு ஃபாக்ஸுக்கு மதிப்பைத் தந்தது, காவலைத் தரவில்லை.

1975 ஜனவரி 2ஆம் தேதி ‘தி கிளான்ஸ்மேன்’ என்ற படத்தோடு அரங்கம் சினிமாக் காட்சிகளை நிறுத்தியது. கதவுகள் மூடப்பட்டன. இனி இடிப்புதான் பாக்கி என்று பலரும் எண்ணினார்கள்.

எதிர்த் தரப்புக்கும் ஒரு வழி

மீட்பு இயக்கத்தின் முதல் வெற்றி அவகாசம். நகர நிர்வாகம் இடிப்பு அனுமதியை வழங்கவில்லை. அந்த இடைவெளியில் இயக்கத்தினர் அட்லாண்டா லேண்ட்மார்க்ஸ் என்ற லாப நோக்கற்ற நிறுவனத்தை 1975இல் தொடங்கினார்கள். தெருவில் கோஷம் போட்ட கூட்டத்துக்கு, சொத்து வாங்கவும் கடன் வாங்கவும் ஒப்பந்தம் போடவும் சட்டத் தகுதி கிடைத்தது. வங்கி, வணிகம், சட்டம் அறிந்தவர்கள் அதன் நிர்வாகத்தில் உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது வெற்றி, பிரச்சினையைத் திருப்பிப் போட்டுப் பார்த்ததில் இருந்தது. சதர்ன் பெல்லுக்குத் தேவைப்பட்டது ஃபாக்ஸ் தியேட்டர் அல்ல. வரவிருந்த சுரங்க ரயில் பாதைக்கு அருகே ஒரு தலைமையகம். அதே பகுதியில், தியேட்டருக்குப் பின்னால் இருக்கும் மனைகளைச் சேர்த்துக் கொடுத்தால் அந்தத் தேவை தீரும். சிக்கலான நிலப் பரிமாற்றம் ஒன்று பேசி முடிக்கப்பட்டது. தொலைபேசி நிறுவனம் பக்கத்து மனையில் தன் கோபுரத்தைக் கட்டிக்கொள்ளும். தியேட்டரை அட்லாண்டா லேண்ட்மார்க்ஸ் விலைக்கு வாங்கிக்கொள்ளும். யாரும் தோற்றுப்போகாத ஏற்பாடு. சதர்ன் பெல் தன் கோபுரத்தை 1980களின் தொடக்கத்தில் கட்டி முடித்தது. 40 மாடிகளுக்கு மேற்பட்ட அந்தக் கட்டடமும் ஃபாக்ஸின் குவிமாடமும் இன்று அடுத்தடுத்து நிற்கின்றன.

மூன்றாவது கட்டம் பணம். உள்ளூர் வங்கிகளிடமிருந்து 18 லட்சம் டாலர் கடன் வாங்கித் தியேட்டர் வாங்கப்பட்டது. 1978க்குள் அடைத்தாக வேண்டும். அன்றைய மதிப்பில் அது பெரும் தொகை. மீட்பு இயக்கங்கள் பல இந்தக் கட்டத்தில்தான் தடுமாறும். இடிப்பைத் தடுக்கும்வரை இருக்கும் உற்சாகம், மாதாமாதம் தவணை கட்டும்போது வடிந்துவிடும்.

ஃபாக்ஸில் அப்படி நேராததற்குக் காரணம், அரங்கத்தை உடனே திறந்து தொழில் நடத்தியது. பழுது பார்த்து முடித்த பிறகே திறப்போம் என்று காத்திருக்கவில்லை. ராக் இசை நிகழ்ச்சிகள் வரிசையாக நடந்தன. அவற்றில் புகழ்பெற்றது லினர்ட் ஸ்கினர்ட் குழுவின் கச்சேரி. 1976 ஜூலை 7, 8, 9 ஆகிய மூன்று இரவுகள் இங்கே நடந்த நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து ‘ஒன் மோர் ஃப்ரம் தி ரோட்’ என்ற இசைத்தட்டாக அந்தக் குழு வெளியிட்டது. அது பெரும் விற்பனை கண்டு, ஃபாக்ஸின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. ஓபரா பார்த்த தலைமுறைக்கு மட்டுமல்ல, நீளமுடி வைத்த இளைஞர்களுக்கும் இந்த அரங்கம் சொந்தம் என்ற எண்ணம் வேரூன்றியது. டிக்கெட் வருமானத்தோடு தனிநபர் நன்கொடைகளும் அறக்கட்டளைகளின் உதவியும் சேர்ந்தன. 1976இல் அமெரிக்க அரசு ஃபாக்ஸைத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற உயர்ந்த வகையில் அறிவித்தது. 1978இல், கெடுவுக்கு முன்பாகவே, கடன் அடைந்தது.

அதே 1978 ஜனவரியில் அட்லாண்டாவின் மற்றொரு புகழ்பெற்ற அரங்கமான லோவ்ஸ் கிராண்டில் தீப்பிடித்தது. 1939 டிசம்பரில் ‘கான் வித் தி விண்ட்’ படத்தின் முதல் காட்சி நடந்த இடம் அது. எரிந்து பாழான கட்டடம் இடிக்கப்பட்டு, அங்கே ஒரு நிறுவனத்தின் வானளாவிய கட்டடம் எழுந்தது. நகரத்தின் பழைய சினிமா அரண்மனைகளில் எஞ்சியது ஃபாக்ஸ் மட்டுமே.

முடிவில்லாத பழுதுபார்ப்பு

இடிபடாமல் காப்பது ஒன்று, சீர்படுத்துவது வேறு. பெரிய தொகையைத் திரட்டி, ஓரிரு ஆண்டுகள் மூடி வைத்து, மொத்தமாகப் புதுப்பித்துத் திறப்பது வழக்கமான முறை. ஃபாக்ஸ் வேறு முறையைப் பின்பற்றியது. காட்சிகள் நடந்துகொண்டே இருக்க, அறை அறையாக, சுவர் சுவராக வேலை நடந்தது. மறுசீரமைப்புக்கெனத் தன் சொந்தப் பணியாளர்களைத் தியேட்டரே வைத்துக்கொண்டது. சாந்து வேலை, வண்ணப்பூச்சு, பழைய மரச்சாமான்களைப் பேணுதல் எல்லாமே ஆண்டு முழுவதும் நடக்கும் அன்றாடப் பணி. 1929இல் வாங்கிப் போட்ட மரச்சாமான்கள் பலவும் இன்றும் கூடங்களில் இருக்கின்றன. புதிதாக மாற்றியாக வேண்டிய இடங்களில் பழைய மாதிரியைப் பார்த்து அதே வடிவில் செய்யப்படுகிறது. நிறப் பிரிவினைக் காலத்தின் வெளிப்படிக்கட்டும் அழிக்கப்படவில்லை. வரலாற்றை அழகான பக்கத்திலிருந்து மட்டும் சொல்லக் கூடாது என்பதற்கு அது சான்றாக நிற்கிறது.

இந்த வேலைகளோடு பிரிக்க முடியாத பெயர் ஜோ பேட்டன். எக்ஸ்ரே கருவிகளில் தேர்ந்த தொழில்நுட்பர் அவர். 1950களில் மௌனமாகிப்போன மைட்டி மோ ஆர்கனை 1963இல் சொந்த ஆர்வத்தால் மீண்டும் ஒலிக்கவைத்தவர். மீட்பு இயக்கம் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்த பணி அது. இத்தனை பெரிய வாத்தியம் கேட்பதற்கு உயிரோடு இருந்ததால்தான், பின்னர் கட்டடத்துக்காகப் பேசவும் ஆட்கள் இருந்தார்கள். கட்டடத்தின் ஒவ்வொரு கம்பியையும் குழாயையும் அறிந்திருந்த பேட்டன், தியேட்டரின் தொழில்நுட்ப இயக்குநரானார். அதன் உள்ளேயே, ஷ்ரைனர் சங்கத்தின் பழைய அலுவலகப் பகுதியை வீடாக மாற்றிக்கொண்டு, வாடகையின்றி வாழ்நாள் முழுதும் குடியிருக்கும் உரிமையையும் பெற்றார். ‘ஃபாக்ஸின் ஆவி’ என்று ஊரார் அவரை அன்போடு அழைத்தார்கள்.

1996 ஏப்ரலில், ஒலிம்பிக் போட்டிகள் அட்லாண்டாவில் தொடங்கச் சில மாதங்களே இருந்தபோது, கட்டடத்தில் தீ விபத்து ஏற்பட்டது. அலுவலகங்களும் கடைப்பகுதியும் சேதமடைந்தன, அரங்கம் தப்பியது. உள்ளேயே பேட்டன் குடியிருந்தது அன்று பேருதவியாயிற்று. 2010இல் பேட்டனின் குடியிருப்பு ஒப்பந்தத்தை நிர்வாகக் குழு மாற்ற முனைந்தபோது விவகாரம் நீதிமன்றம்வரை போய்ச் சமரசத்தில் முடிந்தது. 2016 ஏப்ரலில் அவர் இறந்தார். தனிமனித அர்ப்பணிப்பில் வளர்ந்த நிறுவனம், விதிகளால் நடக்கும் நிறுவனமாக மாறும்போது வரும் உரசலுக்கு அந்த வழக்கு ஓர் உதாரணம். மக்கள் இயக்கமாகத் தொடங்கிய பல அமைப்புகள் இந்தக் கட்டத்தைக் கடந்தே ஆக வேண்டியிருக்கிறது.

எப்படித் தன் காலில் நிற்கிறது?

ஒரு பழைய அரங்கத்தின் எதிர்காலம் அதன் நாட்காட்டியில்தான் இருக்கிறது. எத்தனை நாள் விளக்கு எரிகிறது என்பதே கேள்வி. ஃபாக்ஸ் ஒரே வகை நிகழ்ச்சியை நம்பவில்லை. பிராட்வே இசை நாடகங்களின் சுற்றுப்பயணக் குழுக்கள், ராக், பாப் கச்சேரிகள், பாலே, நகைச்சுவை நிகழ்ச்சிகள், கோடைக்காலத் திரைப்பட வரிசை எனக் கலந்து நடக்கிறது. நடனக்கூடமும் விருந்துக்கூடமும் திருமணங்களுக்கும் விழாக்களுக்கும் வாடகைக்கு விடப்படுகின்றன. பாப் இசைக் கலைஞர் பிரின்ஸ் 2016 ஏப்ரல் 14 அன்று இங்கே ஒரே மாலையில் இரண்டு நிகழ்ச்சிகள் நடத்தினார். ஒரு வாரத்தில் அவர் மறைந்ததால் அவையே அவருடைய கடைசிக் கச்சேரிகள் ஆயின.

வருமானத்தில் மிஞ்சுவதைப் பங்கு பிரித்துக்கொள்ள யாரும் இல்லை. லாப நோக்கற்ற அமைப்பு என்பதால் மிச்சம் கட்டடத்துக்கே திரும்புகிறது. 2008இல் தொடங்கப்பட்ட ஃபாக்ஸ் தியேட்டர் இன்ஸ்டிட்யூட் என்ற பிரிவு, ஜார்ஜியாவின் சிறு ஊர்களில் சிதைந்து கிடக்கும் பழைய அரங்குகளுக்கு நிதியும் தொழில்நுட்ப ஆலோசனையும் தருகிறது. கூரை ஒழுகலை எப்படி நிறுத்துவது, பழைய சாந்தை எப்படிப் பழுது பார்ப்பது, நிகழ்ச்சிகளை எப்படிச் சேர்ந்து ஒப்பந்தம் செய்து செலவைக் குறைப்பது என்று தான் பட்டுத் தெரிந்துகொண்டதை மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறது.

ஐந்தில் மூன்று

வில்லியம் ஃபாக்ஸின் பெயரில் 1920களின் இறுதியில் எழுந்த மாபெரும் அரங்குகள் ஐந்து. புரூக்ளின், டெட்ராய்ட், செயின்ட் லூயிஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, அட்லாண்டா ஆகிய நகரங்களில் அவை இருந்தன. ஐந்தின் முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு கட்டடம் எதனால் பிழைக்கிறது என்பது தெளிவாகும்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் தியேட்டரை நகராட்சியே வாங்கலாமா என்ற கேள்வி 1961இல் வாக்காளர் முன் வைக்கப்பட்டது. அவர்கள் வேண்டாம் என்றார்கள். 1963இல் கட்டடம் இடிக்கப்பட்டது. அங்கே அன்பர்கள் இல்லாமலில்லை; ஆனால் பொதுப் பணம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற மாற்று ஏற்பாடு கைவசம் இருக்கவில்லை. புரூக்ளின் அரங்கமும் 1970களின் தொடக்கத்தில் மண்ணானது. செயின்ட் லூயிஸ் அரங்கத்தைத் தனியார் முதலீட்டாளர்கள் வாங்கிப் புதுப்பித்து 1982இல் திறந்தார்கள். டெட்ராய்ட் அரங்கத்தை ஒரு தொழிலதிபர் குடும்பம் வாங்கி 1988இல் மீட்டெடுத்தது. பெரும் செல்வர் எவரும் முன்வந்து வாங்காமல், ஊர் மக்களே அமைப்பாகத் திரண்டு, கடன் வாங்கி, அடைத்து, சொந்தமாக்கிக்கொண்டது அட்லாண்டாவில்தான்.

அதற்கு உதவிய காரணிகளை வரிசைப்படுத்தலாம். அனுமதியை நிறுத்திவைக்க முன்வந்த நகர நிர்வாகம் ஒன்று. உணர்ச்சியைச் சட்டத் தகுதியுள்ள அமைப்பாக மாற்றிய வேகம் இன்னொன்று. எதிர்த் தரப்பைப் பகைவராகப் பார்க்காமல், அவர்களுக்கு வேண்டியதை வேறிடத்தில் கிடைக்கச் செய்த பேச்சுவார்த்தை மூன்றாவது. கடனோடு கதவைத் திறந்து, முதல் நாளிலிருந்தே டிக்கெட் விற்றது நான்காவது. வேலை ஒருநாளும் முடிவதில்லை என்று ஏற்று, பராமரிப்பை நிரந்தரப் பணியாக்கியது ஐந்தாவது.

இவற்றில் ஏதேனும் ஒன்று குறைந்திருந்தாலும் ஃபாக்ஸ் இன்று இருந்திருக்குமா என்பது சந்தேகமே. பழைய கட்டடத்தின் மீதுள்ள பாசம் மக்களைத் திரட்டும். ஆனால் அதன் கூரையைத் தாங்குவது நிலப் பத்திரமும் வங்கிக் கணக்கும் நிகழ்ச்சி நிரலும்தான். தங்கள் ஊரில் ஒரு பழைய அரங்கத்தைக் காப்பாற்ற நினைப்பவர்கள் ஆர்ப்பாட்டத்துக்குத் தேதி குறிக்கும்போதே, அந்த மனையில் கட்ட விரும்புபவருக்கு வேறு எந்த இடத்தைக் காட்டலாம் என்றும், அரங்கம் கைக்கு வந்த மறுநாள் அதில் என்ன நிகழ்ச்சி நடத்துவது என்றும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.